புகைச்சுவரில் ஒரு வெள்ளைக் கட்டம்

ஆணியை நேராக அடிக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் பஸீல் சேர். கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் கண்ணாடிப் பாரம் அதை இழுத்துவிடும். பதுளை கடைவீதியில் அப்பா காலத்திலிருந்து படங்களுக்குச் சட்டம் போடுகிற குடும்பம் எங்களுடையது. இந்தச் சண்முகராஜா பொய் சொன்னதாக யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நிரஞ்சலாவின் படங்களை முதன்முதலில் வாங்கியவன் நான்தான். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்து கொழுந்து எடுப்பவர்களின் மகள் அவள். நுண்கலை படித்துவிட்டு வந்து லயத்துச் சுவர்களைப் படம் எடுத்தாள். அடுப்புப் புகையில் கறுத்துப்போன சுவர்கள். மாட்டியிருக்கும் செத்தவரின் படத்தைக் கழற்றினால், அது இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு கட்டமாய்த் தெரியும். அந்த வெறுமையைத்தான் எடுப்பாள். முகம் எதிலும் இருக்காது. வெறும் சுவரை வாங்கி அடுக்குகிறான் பைத்தியக்காரன் என்று என் காதுபடவே சிரித்தார்கள். எனக்கோ அவற்றை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அவள் எடுத்ததில் ஒன்று விடாமல் சேர்த்தேன்.

போன வருடம் நான் சேர்த்த படங்களை மதிப்பிடுவதற்குக் கொழும்பிலிருந்து திலீபன் என்று ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா எடுத்து முடிஞ்சதும் போட்டோவ திரும்ப மாட்டிருவாங்கதானே? அப்ப இந்த வெறுமை ஒரு நிமிஷ நடிப்புதானே?” என்றார். அவர் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பல நாள் அந்தப் படங்களின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். எனக்கென்று இருந்தவை அவை மட்டும்தான், சேர். அதுவும் நடிப்பு என்றால் என்ன செய்வது?

லயத்தில் தீபாவளிக்குச் செத்தவர்களின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பார்கள். அதற்குள் ஈரம் ஏறிய படங்களுக்கெல்லாம் புதுக் கண்ணாடி போட்டுத் தருகிறேன், என் அன்பளிப்பு என்று நிரஞ்சலாவிடம் சொன்னேன். நம்ம பிள்ளை கேட்கிறாள் என்று எல்லோரும் கழற்றிக் கொடுத்தார்கள். சேலைத் துண்டுகளில் சுற்றி, வான் வண்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் கைபேசி வருமுன் போனவர்களின் படங்கள். ஒன்றுக்கும் வேறு பிரதி கிடையாது. அதை நான் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

தீபாவளி வந்தது. நாளைக்கு, நாளைக்கு என்றேன். வெறும் ஆணிக்கு முன்னால் படைத்தார்களாம். நிரஞ்சலா படங்களை விற்றுவிட்டாள் என்று லயத்தில் பேச்சு. பெற்ற தாய் பெரியாயியே அவளை வாசல் ஏற்றவில்லை. அந்தப் பிள்ளை என் கடையில் வந்து விம்மி விம்மி அழுதாள். தண்ணீர் கொடுத்துத் தேற்றி அனுப்பினேன்.

அப்புறம் லயத்திலிருந்து கலாராணி பஸ் ஏறி வந்தாள். அவள் மகன் அஜந்தன் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போனவன்.

“முதலாளி, சட்டம் வேணாங்க, கண்ணாடியும் வேணாங்க. புள்ள மொகத்த மட்டும் குடுங்க. கண்ண மூடுனா முன்ன மாதிரி வரமாட்டேங்குது.”

பேசிக்கொண்டிருந்தவள் கடைச் சுவரில் நான் மாட்டியிருந்த நிரஞ்சலாவின் படத்தைப் பார்த்தாள். “இது எங்க வீட்டுச் செவருங்களே” என்றாள். கிட்டப் போய், அந்த வெள்ளைக் கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் கையை எடுக்கவில்லை. அப்போதுதான், சேர், அந்தப் படம் உண்மையாகிவிட்டது. திலீபன் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

லயத்திலிருந்து வந்த படங்களை அன்றைக்கே எரித்துவிட்டேன். கடையின் பின்புறம், மரத்தூள் எரிக்கிற தகரப் பீப்பாவில். ஒவ்வொரு முகத்தையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன், மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. அஜந்தன் பள்ளிச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தான். முன்பல் ஒன்று இல்லை. கலாராணி கேட்டால் அவன் முகம் எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தயார்.

வீட்டைச் சோதனை போட வேண்டும் என்றீர்கள். தாராளமாகப் போடுங்கள். முன்னறையில் என் மனைவி அன்னலட்சுமியின் படம் மாலையோடு இருக்கும். உங்கள் ஆட்களிடம் சொல்லிவையுங்கள், அதை மட்டும் கழற்ற வேண்டாம். அவளுக்கு வேறு படம் இல்லை.