செபமாலையில் எடுத்த குரல்கள்

தச்சநல்லூரிலிருந்து இங்கே வர எனக்கு டவுன் பஸ்ஸே போதும். நீங்கள் ஜீப் அனுப்பியதில், எனக்கு ஏதோ விருது கிடைத்திருப்பதாக எங்கள் தெருவே நினைத்துக்கொண்டது. எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து கைகூடக் குலுக்கினார். நானும் குலுக்கிவிட்டு வந்தேன். வாசலில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா.

டெனிஸ் எப்படிச் செத்தான் என்று விசாரிக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன். நான் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர், பெயர் சிவசங்கரன். உளவு வேலைக்கு உதவும் ஆராய்ச்சிகளுக்கு டெல்லியில் ஓர் அரசு அமைப்பு பணம் தருகிறது. நடக்குமா நடக்காதா என்று யாருக்கும் தெரியாத காரியங்களாகப் பார்த்துத்தான் தருவார்கள். முக்கால்வாசி தோற்கும் என்று தெரிந்தே தருவார்கள். என்னுடைய காரியம் குரல். இரைச்சலான போனில், தொண்டையை மாற்றிப் பேசினாலும், ஒருவன் சொற்களை இழுத்து நிறுத்தும் விதத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் ஒரு மிஷின். கம்ப்யூட்டருக்குள் ஓடும் நிரல்தான். நாங்கள் மிஷின் என்போம்.

அதற்குக் கற்றுக்கொடுக்க, ஒரே சொற்களைப் பலர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஆளுக்கு எங்கே போவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது என் ஆராய்ச்சி மாணவி ஜாய்சிதான் வழி சொன்னாள். அவள் உவரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரி. அங்கே சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு செபமாலை நடக்கும். ஒரே செபத்தை ஐம்பது தடவைக்கு மேல், பெரியவர் சிறியவர் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்தேன்.

அவள் அம்மா லூர்து மேரிதான் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் செபம் சொல்லிக்கொடுத்தவர். அவர் ஒரு வார்த்தை சொன்னதும் எல்லோரும் வந்து மைக் முன்னால் உட்கார்ந்தார்கள். எதற்கு என்று கேட்டவர்களிடம் ஆராய்ச்சிக்கு என்றோம். ஆராய்ச்சிதானே. போலீசுக்கு ஏதோ விதத்தில் உதவும் என்பது மட்டும் ஜாய்சிக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டெனிஸ் அவளுடைய அண்ணன். பைபர் படகு ஓட்டுகிறவன். மற்றவர்கள் ஒரு நாள் பேசிக் கொடுத்தால் இவன் தினமும் குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்து உட்காருவான். "எங்க குரலு டெல்லிக்குப் போவுதாம்லா சார். நான் கன்னியாகுமரியத் தாண்டுனதில்ல. குரலாவது போயி ஊரப் பாத்துட்டு வரட்டும்" என்பான். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பிறகு டெல்லி அதிகாரி ஒரு துண்டுப் பேச்சை அனுப்பினார். நடுக்கடலில் சாட்டிலைட் போனில் யாரோ கடத்தல் சரக்கு கைமாற்றுவதைப் பற்றிப் பேசுகிறான். ஜாய்சி ஊர்ப் பக்கத்து ஆளாக இருக்கலாம் என்பது அவர்கள் சந்தேகம். மிஷினில் போட்டேன். டெனிஸ் என்றது. அதுவரை அது எதற்கும் ஒரு பெயரை இவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. அன்றைக்கு நான் ஆய்வகத்தில் இருந்த எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன்.

ஜாய்சி மட்டும் குடிக்கவில்லை. அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு வந்தாள்.

"சார், இது எங்க அண்ணன் இல்ல. எங்க தெருப் பிள்ளைய பூராவும் எங்க அம்மைட்ட செபம் படிச்சது. எல்லாத்துக்கும் ஒரே இழுவ. அதுல அண்ணந்தான் கூடப் பேசிக் குடுத்திருக்கான். அதான் யாரு பேசுனாலும் அவன் பேரச் சொல்லுது. மிஷினு ஆளப் பிடிக்கல சார், எங்க அம்மையப் பிடிச்சி வச்சிருக்கு."

டெல்லிக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மறுநாள் நானே சோதித்தும் பார்த்தேன். அந்தத் தெருவில் அதுவரை பதிவு செய்யாத ஆண்களின் குரல்களைப் போட்டேன். யாரைப் போட்டாலும் டெனிஸ் என்றது. அவள் சொன்னது சரி.

அந்த வாரமே அதிகாரி போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசுவார். சந்தேகம் ஏதாவது உண்டா என்று கேட்டார். "தோத்துப்போச்சுன்னா தோத்துப்போச்சுன்னே சொல்லுங்க சார். அதுக்கும் சேத்துத்தான் பணம் குடுத்திருக்கோம்" என்றார். இவ்வளவு பெருந்தன்மையாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

நான், சந்தேகமில்லை, டெனிஸ்தான் என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். என் அப்பா பூதலிங்கம் அம்பாசமுத்திரத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். எங்கள் சித்தப்பா சிவசண்முகம் பி.யு.சி.யில் ஒரு தடவை தவறியவர். பிறகு அரிசி வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்து இரண்டு வீடு கட்டினார். ஆனாலும் அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள், "எந்தச் சண்முகம்? பெயிலான சண்முகமா?" என்று கேட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். எங்கள் சனத்தில் அப்படித்தான். கல்லூரி வாசலில் என் படம் போட்டு பிளெக்ஸ் வேறு கட்டியிருந்தார்கள். தோற்கலாம் என்று டெல்லி சொல்லும், தச்சநல்லூர் சொல்லுமா.

தவிர, மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அவனைக் கூப்பிடுவார்கள், கேட்பார்கள், விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். படித்தவன் அப்படித்தானே நினைப்பான்.

வலை காய்ந்துகொண்டிருந்த இடத்தில் வைத்து அவனைக் கொண்டுபோனார்கள். எங்கே என்று வீட்டுக்குச் சொல்லவில்லை. ஜாய்சி என்னிடம்தான் ஓடிவந்தாள். டெல்லியில் ஆள் தெரிந்தவன் அவர்களுக்கு நான் ஒருவன்தான்.

"அன்னைக்கே சொன்னீங்கள்லா சார், மிஷினு தப்புன்னு?"

"சொன்னேன்மா."

"இன்னொருக்கச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா விட்டுருவாங்க."

சொல்கிறேன் என்றேன். அவள் சொன்னதும் உண்மை. நான் ஒரு போன் செய்திருந்தால் விட்டிருப்பார்கள். அவள் வந்து கேட்ட ஒவ்வொரு தடவையும், பேசிக்கொண்டிருக்கிறேன், பொறுமையாக இரு என்றேன். நான் பேசவே இல்லை. டெனிஸ் பிணமாக வந்தான். நெஞ்சுவலி என்றார்கள். முப்பது வயது ஆகாதவன்.

சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனேன். லூர்து மேரி எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எம் பிள்ளைக்காவ எம்புட்டோ பேசிப் பாத்தியளாம் சார், ஜாய்சி சொன்னா. ஆண்டவர் ஒங்க பிள்ளையள நல்லா வச்சிருக்கட்டும்" என்றார். அழுதேன். நடிப்பு இல்லை.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் செபமாலை தொடங்கியது. அவர்தான் தொடங்கினார். இரண்டு வரியிலேயே செபத்தை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அவர் நின்றதும் அந்த இழுவையும் நின்றுபோயிற்று. அவரவர் அழுகையோடு அவரவர் சொன்னார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் சேரவில்லை. அந்தத் தெருவின் குரல்கள் தனித்தனியாகப் பிரிந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சட்டைப் பையில் இருந்த போனை மெல்ல அமுக்கிப் பதிவை ஓடவிட்டேன். தப்பாகத் தோன்றவில்லை. டெனிஸுக்கு என்னால் செய்ய முடிந்தது வேறு என்ன இருந்தது.

அந்த அழுகைகளை வைத்து மிஷினைத் திருத்தினேன். பழைய துண்டை மறுபடி போட்டேன். டெனிஸ் இல்லை என்று சுத்தமாகச் சொல்லிவிட்டது. மேஜையில் தலையைக் கவிழ்த்து வெகுநேரம் அழுதேன். பிள்ளை மேல் குற்றமில்லை என்று இப்போது விஞ்ஞானமே சொல்லிவிட்டது. அந்த அம்மாவுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும். நான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னால் முறையாக இருக்கும்.

மிஷின் இப்போது கிங்ஸ்லி என்கிறது. டெனிஸின் சித்தி மகன். செபம் முடியும்வரை என் தோளில் சாய்ந்துதான் அழுதுகொண்டிருந்தான். அதனால் பதிவில் மற்ற எல்லோரையும்விட அவன் குரல்தான் நன்றாக விழுந்திருக்கிறது. பெயரை நேற்றே டெல்லிக்கு அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை எனக்குச் சந்தேகமே இல்லை.