பிளாஸ்திரி மட்டும் போதுமுங்க

— சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்க அண்ணாச்சி. முழங்கையில போடுற ஊசி இல்ல இது.

— சித்த இருங்க சிஸ்டர். வெளிய ஒரு கொழந்தை அழுவுது பாருங்க. பாவம், அதை மொதல்ல கூப்புடுங்க. நான் பொறவு பாத்துக்கறேன்.

— அந்தப் பிள்ளைக்கு ஒன்றர வயசு ஊசி போட்டு முடிச்சாச்சு. அது வலிக்கி அழல, இன்னொரு மிட்டாய் கேட்டு அழுது. காலையில இருந்து உங்களுக்குப் பொறவு வந்த எல்லாரையும் முன்னால விட்டுட்டீய. கைப்பிள்ளக்காரி, சூலிப்பொண்ணு, கெழவனாரு, எல்லாரும் போயாச்சு. இனி விடதுக்கு ஆள் இல்ல. வெள்ளியங்கிரிதானே உங்க பேரு?

— ஆமாங்க. மண்ணரையில பனியன் கம்பெனி வெச்சிருக்கறனுங்க. நாப்பது பேரு வேலை செய்யறாங்க.

— நாப்பது பேர மேய்க்கீய, ஒரு ஊசிக்குக் கை நீட்ட இம்புட்டு யோசிக்கீயளே.

— பயமெல்லாம் இல்லீங்க அம்முணி. ஊசி எனக்குப் புதுசுங்களா? ஓவர்லாக் மெஷின் என்ன, பேட்லாக் மெஷின் என்ன, பொழுதுக்கும் ஊசிக்கு நடுவுலதானுங்க பொழைக்கறேன்.

— அந்த ஊசி துணியில எறங்கும். இது உங்க மேல எறங்கும். வேற ஒண்ணும் வித்தியாசம் இல்ல.

— அதத்தானுங்க நானும் யோசிக்கறேன்.

— என்னது?

— ஒண்ணுமில்லீங்க. அந்தக் கதவைச் சித்த சாத்துங்க. ஒரு விசயம் பேசோணும்.

— சாத்தியாச்சு. சொல்லுங்க.

— எனக்கு ஊசி வேண்டாமுங்க. பிளாஸ்திரி மட்டும் போதும்.

— எதுக்கு?

— ஊசி போட்டுப்போட்டு ரவுண்டா ஒண்ணு ஒட்டுவீங்கல்ல, அதை மட்டும் ஒட்டி உட்ருங்க. ஊசிக்குண்டான காசை வாங்கிக்கங்க, போச்சாது, பரவால்லீங்க.

— ஏசப்பா! இத்தன வருசமா ஊசி போடுதேன், பிளாஸ்திரி வேண்டாம்னு சொன்னவங்களப் பாத்திருக்கேன். ஊசி வேண்டாம், பிளாஸ்திரி போதும்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்.

— கேளுங்க அம்முணி. அடுத்த வாரம், நம்ம சரக்கை வாங்கற வெளிநாட்டு பையரோட ஆளுங்க கம்பெனியைப் பாக்க வர்றாங்க. எல்லாரும் டி.டி. ஊசி போட்டிருக்கோணும்னு கண்டிசன். சனிக்கெழமை பொழுதோட, எல்லாரும் போடுங்கன்னு சொல்றேன், ஒருத்தர் அசையோணுமே! பயமாருக்குதுங்கறாங்க. பீகார் பசங்களும் டர் லக்தா ஹைங்கறாங்க. கட்டிங் மாஸ்டர் ராஜபாண்டி முன்னால வந்து நின்னு, மொதலாளி மொதல்ல போட்டுட்டு வரட்டும், அப்புறம் நாங்க போடறோம்ங்கறான்.

— நியாயமாத்தான கேட்டிருக்காவ.

— என்னங்க நியாயம்? அவன் தேளைக் கையில புடிச்சு வெளிய எறியறவன். அவனுக்குப் போயி ஊசின்னா பயமாமா!

— அப்ப பயப்படுதது யாரு?

— மெதுவா பேசுங்க.

— பொய்ப் பிளாஸ்திரியெல்லாம் நான் ஒட்ட மாட்டேன். மேல இருக்கவருக்கு யாரு பதில் சொல்லதுக்கு? அது கெடக்கட்டும், வரும்போது அந்த எடது கால ஏன் இழுத்து இழுத்து நடந்தீய?

— செருப்புக் கடிங்க.

— குதிங்காலுக்கு அடியிலயா செருப்பு கடிக்கும்? கழத்துங்க.

— ஏனுங்க, கையில ஊசி போட வந்தவன்கிட்டக் காலைக் கேக்கறீங்க?

— கழத்துங்க அண்ணாச்சி. ஏ யப்பா! என்னது இது, பனியன் துணியச் சுத்தி வச்சிருக்கீய?

— வேஸ்ட் துணிங்க. நல்ல காட்டன்.

— துணி நல்லாத்தான் இருக்கு, கால்தான் நல்லா இல்ல. ஆணியா?

— ஆமாங்க. வெள்ளிக்கெழமை பேக்கிங் ரூம்ல பலகை ஒண்ணு கெடந்துச்சு. துரு ஆணி, செருப்பைத் தாண்டி ஏறிப்போச்சு. நானே புடுங்கிப்போட்டு மஞ்சத்தூளை அப்பிட்டேன்.

— இன்னைக்குச் செவ்வாய். அன்னைக்கே வராம என்ன செஞ்சீய?

— வந்தா ஊசி போடுவீங்களே!

— வீட்டுல அக்காகிட்டயாவது சொன்னீயளா?

— ஊட்டுல சொன்னா அன்னிக்கே தூக்கிக்கிட்டு வந்துருப்பா. ஆருக்கும் தெரியாதுங்க. நடுவால ஒரே ஒரு தப்பு நடந்துபோச்சு.

— அது வேறயா?

— ரத்தம் நிக்கிலீங்க. கையில கெடைச்ச வெள்ளைப் பனியனைக் கீழ போட்டு அது மேல மிதிச்சு நின்னுட்டேன். வேஸ்ட்டுன்னு நெனச்சேன். பாத்தா எக்ஸ்போர்ட்டுக்குப் போற நல்ல பீஸு. ஆரோ வர்ற சத்தம் கேட்டுச்சு, அவசரத்துல அதை அடுக்குக்குள்ளயே சொருகிப்போட்டேன். மறுநாள் செக்கிங்ல மாட்டிக்கிச்சு.

— மாட்டுனா என்ன? தொவச்சுட்டாப் போச்சு.

— ஐயோ, எங்க தொழில்ல அது அப்படி இல்லீங்க. பீஸுல ரத்தம் இருந்தா டெய்லர் கையில ஊசி ஏறிருக்குது, ஊசி உடைஞ்சிருக்குதுன்னு அர்த்தம். உடைஞ்ச துண்டு கெடைக்கற வரைக்கும் ஒரு பீஸ் வெளிய போகப்படாது. துணியோட துணியா போயி, அங்க போடற கொழந்தையைக் குத்திப்போடும். அதனால மெஷினை எல்லாம் நிப்பாட்டிப்போட்டு, நாப்பது பேரும் ஆளுக்கொரு காந்தத்தை வெச்சுக்கிட்டு, பொழுதுக்கும் தரையில தவழ்ந்து தேடுனாங்க.

— ஒடையாத ஊசிய.

— ஆமாங்க. நானும் ஒரு காந்தம் வெச்சுக்கிட்டுத் தேடுனேன்.

— யாரு ரத்தம்னு ஒருத்தரும் கேக்கலயா?

— நாந்தானுங்க கேட்டேன். நல்லா சத்தமா.

— நீங்களேவா! ஹஹ்ஹா!

— சிரிக்காதீங்க சிஸ்டர்.

— சிரிப்பு வருது, என்ன செய்ய? ஆனா இப்பச் சொல்லுததைச் சிரிக்காமக் கேளுங்க. இந்த டி.டி. ஊசி போடாட்டா, துரு ஆணியில வாற நோவு வாயைப் பூட்டிரும். ஒடம்பு முறுக்கிக்கிடும். பழைய ஆஸ்பத்திரியில ஒருத்தரப் பாத்தேன், பேச முடியாம கண்ணால கெஞ்சிக்கிட்டுக் கெடந்தாரு. அவருக்கும் ஊசின்னா பயம்.

— வாயே தொறக்க முடியாதுங்களா?

— பேச்சே வராது.

— சிஸ்டர், எனக்கு நெசமாலுமே பயமுங்க. நாப்பது பேருக்கு முன்னால சொல்ல முடியாது, உங்ககிட்டச் சொல்றேன். இந்த ஸ்பிரிட் வாசம் அடிச்சாலே வாசலைத் தேடறனுங்க.

— இதைச் சொல்லதுக்கா இந்தப் பாடு? பயந்தா என்ன, மனுசன்தான. அந்த மேசையப் பிடிச்சுக்கிடுங்க. செவத்தப் பாருங்க.

— செவுத்துலயும் ஊசிப் படந்தானுங்க ஒட்டி வெச்சிருக்கீங்க.

— அப்ப கண்ண மூடுங்க.

— மூணு எண்ணிப்போட்டுப் போடுங்க.

— எண்ணுதேன். ஒண்ணு…

— அம்மோவ்வ்வ்!

— முடிஞ்சுது.

— ரெண்டு, மூணு எங்கங்க?

— அதை நீங்க வீட்டுல போயி எண்ணிக்கிடுங்க. வெளிய கேளுங்க, அழுத பிள்ளையும் கப்சிப்புனு ஆயிட்டுது.

— இவ்வளவுதானுங்களா! அட, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லீங்க. இதுக்குப் போயி நாப்பது பேரும் பயந்து சாகறாங்களே!

— ஆமா, அவியதான் பயப்படுதாவ.

— பிளாஸ்திரியை நல்லா தெரியற மாதிரி ஒட்டுங்க. சட்டைக் கையை எறக்காமத்தான் இன்னிக்குக் கம்பெனிக்குள்ள போகோணும்.

— மொதல்ல டாக்டர் அந்தக் காலப் பாக்கட்டும். அது வரைக்கும் உக்காருங்க. யாரும்மா கதவத் தட்டுதது? உள்ள வாங்க.

— அக்கா, பாப்பாவுக்கு ஒம்பதாம் மாச ஊசி… ஆத்தி, மொதலாளி!

— வா கருத்தம்மா, நல்ல நேரத்துல வந்தே. சிஸ்டர், இது நம்ம கம்பெனி செக்கிங் புள்ளைங்க. அந்தக் கால் மேல ஒரு துணி போடுங்க, சீக்கிரம். கருத்தம்மா, கீழ பாக்காதே, கையைப் பாரு. போட்டுட்டேன். ஒரு சத்தம் வந்துச்சா?

— தெருமுக்கு வரைக்கும் கேட்டுச்சுங்கய்யா. கன்னுக்குட்டியத்தேன் யாரோ மிதிச்சுட்டாகன்னு நெனச்சேன்.

— அது அக்கட்டால ஒரு கொழந்தை. அதை உடு. இனி ஒருத்தரும் சாக்குச் சொல்லப்படாது. நாளைக்குக் காத்தால எல்லாரும் இங்க வந்து வரிசையா நிக்கோணும். ராஜபாண்டிதான் மொத ஆளு, சொல்லிப்போடு.

— அக்கா, நீங்க இன்னும் சொல்லலையா?

— நீயே சொல்லு தாயி. என்னால சிரிப்ப அடக்க முடியல.

— ஆரு, என்னத்தைச் சொல்லோணும்?

— கோவிச்சுக்கிறாதீங்கய்யா. நாங்க அம்புட்டுப் பேரும் ஞாயித்துக்கெழமையே இங்கன வந்து போட்டுக்கிட்டோம். பீகார் பயலுகளயும் கூட்டியாந்து ராஜபாண்டியண்ணேந்தேன் மொத ஆளா கைய நீட்டுச்சு.

— பொறவு எதுக்குக் கண்ணு பயம், பயம்னு என்னைய அலைக்கழிச்சீங்க?

— வேற எப்படிச் சொன்னாலும் நீங்க வரமாட்டீகளே. உங்களுக்கு ஒண்ணு ஆயிருமோன்னு நாங்கதேன் பதறிப்போயிக் கெடந்தோம்.

— எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கறேன்? ஆரு என்ன சொன்னாங்க?

— ஒருத்தரும் சொல்லலய்யா. அந்தப் பீஸ செக்கிங்ல மொத எடுத்தது நாந்தேன். வெரல்ல ஊசி ஏறுனா பொட்டுப் பொட்டா இருக்கும். அதுல முழுசா ஒரு குதிங்கால் அச்சு இருந்துச்சு. அன்னைக்குப் பொழுதன்னைக்கும் நாங்க தரையில தவழ்ந்து தேடுனது ஊசிய இல்லைங்கய்யா, துணியப் போட்டு மூடியிருக்கீகளே, அந்தக் கால.