ராங் நம்பரையும் வைக்காத அக்காவுக்கு

எங்கள் தொலைபேசி உதவி மையத்தின் முதல் குரலே! கேட்கும் கலையில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவரே! தேநீரை ஆறவிட்டாலும் அழைத்தவரைக் காக்கவைக்காத அன்பு அக்காவே! வணக்கம்.

நீங்கள் பணி ஓய்வு பெறும் இன்று நாங்கள் அழ வேண்டும். ஆனால் எங்களுக்கோ ஆனந்தம் தாங்கவில்லை! காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம்.

ஜன்னலோர மேசையும் கிறீச்சிடும் நாற்காலியுமே உங்கள் அரசு. உடைந்து அழுதவருக்கு அங்கிருந்துதான் ஆறுதலானீர்கள். வார்த்தை வராதவருக்குத் துணையானீர்கள். உங்களோடு பழகிய பழக்கத்தில், வீட்டில் மாமியார் போன் செய்தாலும் "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், அவசரமே இல்ல" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எங்களில் பலர்!

நம் எண்ணுக்கும் ஒரு வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை எண்ணுக்கும் கடைசி இலக்கம்தான் வேறு. கடையென்று நினைத்து அழைப்பவர்களிடம் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவது எங்கள் வழக்கம். அவர்கள் வைக்கும்வரை வைக்காதிருப்பது உங்கள் வழக்கம்.

ஒருவரின் கதையை, அவர் சம்மதத்தோடு, இங்கே சொல்கிறோம். அவர் பேருந்து ஓட்டுநர். ஒரு விபத்துக்குப் பின் ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்கியது. வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு மதியம் நம் எண்ணைத் தெரிந்தேதான் அழுத்தினார். உங்கள் குரல் கேட்டதும் தைரியம் காலை வாரிவிட்டது.

"வாஷிங் மெஷின் கடைங்களா?"

"இல்லீங்களே."

வைத்துவிட நினைத்தார், விரல் நகரவில்லை. மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்கிறார்கள்!

"வேற ஏதாவது பேசணுமா தம்பி?"

"உங்களுக்கு வேலை இருக்குமே..."

"இதாம்ப்பா வேலை."

அவ்வளவுதான், அடைத்து வைத்ததெல்லாம் கொட்டியது. முழுதும் கேட்டுவிட்டு, யாரும் கேட்கத் துணியாததைக் கேட்டீர்கள்: "செத்துரலாம்னு தோணுதா தம்பி?"

"ஆமாக்கா." அதைக் கேட்டும் உங்கள் குரல் பதறவில்லை என்பதே அவருக்கு ஆச்சரியம்.

"சொன்னீங்களே, அதுவே பெருசு. போனை வைக்காதீங்க. பக்கத்துல யாரைக் கூப்பிடலாம்?"

"மச்சான் கீழ்வீட்ல இருக்கான். ஆனா சரியான ஓட்டவாய்க்கா!"

"வாய் கிடக்கட்டும், மாடியேறக் கால் இருக்குல்ல? கூப்பிடுங்க."

அழுதபடியே சிரித்தார். மச்சான் ஓடி வரும்வரை நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள். அன்றே மச்சான் அவரை மருத்துவரிடம் கூட்டிப்போனார். பிறகு மருந்து, ஆலோசனை, இடையில் சறுக்கல், மறுபடி ஆலோசனை. மெல்ல மெல்ல மீண்டார்.

இனி எங்கள் ஆனந்தத்தின் காரணம்! உங்களுக்குத் தெரியாமல், நம் கிளை மையத்தில் அவர் பயிற்சி முடித்துவிட்டார். நாளை காலை உங்கள் நாற்காலியில் உட்காரப்போவது அவர்தான். அவர் முகத்தை இதற்கு முன் நீங்கள் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் முன் நின்று இந்த மடலைக் கை நடுங்காமல் வாசித்துக்கொண்டிருப்பவரின் குரலை, முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள்!

நோய் நொடியின்றி நெடுநாள் வாழ்க அக்கா! என்றைக்காவது உங்களுக்கும் பேசத் தோன்றினால் கூப்பிடுங்கள். வாஷிங் மெஷின் கடையா என்று கேட்டாலும் வைக்க மாட்டோம்.

என்றும் அன்புடன்,
மறுமுனையில் காத்திருக்கும்
உங்கள் தம்பி, தங்கைகள்