கச்சான் எழும்பிய மத்தியானம்

இந்த விழா நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னவன்! கால் முறிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே சொன்னவன். தாதியருக்கு மேடை போடுவார்கள் என்றேன்; போட்டிருக்கிறார்கள். மண்டபம் நிறையும், கதிரை காணாது என்றேன். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். ஆகவே, என் கணிப்பைப் பொய்யாக்காமல் தலைமை தாங்கும் தலைவர் அவர்களே, துறைமுகத்தின் தூண்களாய் வீற்றிருக்கும் பெரியோர்களே, கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்தும் சல்லியிலிருந்து கரை கடந்தும் வந்த தாய்மார்களே, வெள்ளை உடுத்த விண்மீன்களே, உங்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

கலீலுர் றஹ்மான் என்ற என்னைத் தெரியாதவர்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். இன்று மாலை சூடும் தாதி ஷாமிலாவின் தாய்மாமன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. தமிழ் என்னைக் கைவிடவில்லை. கால் எப்படி முறிந்தது? மீன்வாடியில் வழுக்கி விழுந்ததாகச் சிலர் கதைக்கிறார்கள். பின்னால் நிற்கும் இக்ராம், சிரிக்காதே. அது எனக்கும் ஒரு சுறாவுக்கும் இடையில் நடந்த சொந்த விவகாரம்.

அன்பர்களே, ஊரின் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் இருக்கட்டும். நான் கிடந்த வாட்டை, அந்த நோயாளர் கூடத்தைச் சொல்கிறேன். வேதனைக்குத் தந்த மருந்தில் என் கண் பாதி மூடியும் பாதி திறந்தும் கிடந்தது. அந்த வாட்டு எனக்குக் கட்டிடமாகவா தெரிந்தது? கப்பலாகத் தெரிந்தது! வெள்ளைத் திரைகள் பாய்களாய் உப்பின. கிழக்கு ஜன்னலில் குடாக்கடல் நீலமாய்த் தூங்கிற்று. கட்டில்கள் எல்லாம் மெல்ல மெல்ல எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கிடையே தாதியர் நடந்தார்களா, மிதந்தார்களா? மிதந்தார்கள் என்றே நான் சொல்வேன். "மிஸ்" என்று ஒரு குரல் கூப்பிடும், எல்லோரும் திரும்புவார்கள். அவர்களுக்குப் பெயர் பலவாயினும் அந்தக் கப்பலில் பெயர் ஒன்றே. நான் மாலைதீவைத் தாண்டியிருப்பேன். அப்போது பக்கத்துக் கட்டிலில் மூச்சு இழுத்தது.

அவர்தான் சல்லித் தம்பு அண்ணன். இதோ, முன்வரிசையில் இருக்கிறார். வலை வீசிய வலிய கை, ஆனால் நெஞ்சுக்குள்ளே ஓட்டைத் தோணியில் தண்ணீர் இறைக்கும் சத்தம். அவரை வாட்டில் ஏற்றுக்கொண்டவர் சிவரூபி மிஸ், ஹற்றன் மலையிலிருந்து நம் கடலுக்கு வந்த பிள்ளை. என்ன ஒத்துக்கொள்ளாது என்று கேட்டார். கச்சான் ஆகாது என்றார் தம்பு அண்ணன்.

கச்சான் என்றால் என்ன, சபையோரே? சொல்லுங்கள். ஆ, இந்தப் பக்கம் நிலக்கடலை என்கிறார்கள். அந்தப் பக்கம் சல்லிக்காரர் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று என்கிறார்கள். இரண்டும் சரி! இரண்டும் சரியானதில்தான் பிழையே பிறந்தது. தரைப் பக்கமிருந்து அனலாய் வரும் கச்சான் காற்றை மலைப்பிள்ளை எங்கே கண்டது? அவருக்குத் தெரிந்த கச்சான், வறுத்துச் சுருளில் விற்கும் கச்சான். அதையே கட்டில் தலைமாட்டில் தொங்கும் நோயாளர் டிக்கெட்டில் எழுதினார். எழுதியதை எல்லோரும் ஏற்றார்கள்.

அதற்குப் பிறகு கச்சானுக்கு எதிராக ஒரு யுத்தமே நடந்தது! வாசலில் கச்சான்காரரை மறித்தார்கள். சாப்பாட்டில் தேடினார்கள். என் தலையணைக்குக் கீழிருந்த பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போனார் சிவரூபி மிஸ். நான் தடுத்தேனா? இல்லை. அது காற்று என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் அடுத்தவர் தொழிலில் தலையிடுவது என் பழக்கமில்லை.

பிறகு தம்பு அண்ணனிடம் போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிவரூபி மிஸ் சொன்னார்: "பயப்படாதீங்க ஐயா. கச்சான் இந்த வாட்டுக்குள்ள வராம நான் பாத்துக்கிறேன்."

தம்பு அண்ணன் அசந்து போனார். கடலுக்குப் போன நாள் தொட்டு அவரை அலைக்கழித்த காற்று. அதை ஒரு சின்னப் பெண் தடுத்து வைக்கப் போகிறதாமே! ஆனால் ஒவ்வொரு மத்தியானமும் மேற்கு ஜன்னல் திறக்கும், கச்சான் வரும், அவருக்கு மூச்சு அடைக்கும். ஏன் வாய் திறக்கவில்லை? பின்னொரு நாள் நானே கேட்டேன். "பாவம் பிள்ளை. அதாலயும் ஏலாமப் போச்சு. அதை எப்பிடி நான் முகத்துக்கு நேர சொல்றது?" என்றார். தாய்மார்களே, இப்படி ஒரு மரியாதை நம் கரையைத் தவிர வேறெங்கே உண்டு?

மரியாதை வளர்ந்தது, மூச்சு தேய்ந்தது. மருந்து கொடுத்தும் மாறவில்லை. கொழும்புக்கு அனுப்புவோம் என்று டொக்டர் முடிவெடுத்தார். அம்புலன்ஸ் வரப்போகிறது. தம்பு அண்ணனின் மனைவி சிவக்கொழுந்து அக்கா சீலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு உடுப்புகளை மடித்தார். தம்பு அண்ணன் கிழக்கு ஜன்னலையே பார்த்துக்கொண்டு, "அங்க போனா நான் திரும்பி வரமாட்டன், கொழுந்து. கடலை ஒருக்காப் பாத்திட்டுப் போறன்" என்றார். அவ்வளவுதான். கப்பல் நின்றது. எனக்கிருந்த தூக்கமும் போயிற்று.

அப்போது பொறுப்புத் தாதி லைலா சிஸ்டர் ஒன்று செய்தார். அம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காமல், எல்லோரையும் கட்டிலைச் சுற்றி அழைத்தார். டிக்கெட்டை மூடினார். எழுதியது போதும், கண்டதைச் சொல்லுங்கள் என்றார். காலையில் என்னோடு பகிடி விட்டுக் கதைக்கிறார் என்றாள் என் மருமகள் ஷாமிலா. கடல்பக்க விறாந்தையில் நடத்தினால் களைப்பில்லாமல் நடக்கிறார் என்றார் உடற்பயிற்சி கொடுக்கும் நிதுசன் தம்பி. மத்தியானம் கட்டிலில் கிடக்கும்போதுதான் வருகிறது என்றார் டொக்டர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பலகை இருந்தது. தோணி ஒருவர் கையிலும் இல்லை. ஷாமிலா சிவரூபியைப் பார்த்தாள்.

"நீங்க எழுதினதை இல்லை, மிஸ். அவர் வாயால சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ."

சிவரூபி கண்ணை மூடி யோசித்தார். "கச்சான் ஆகாது பிள்ளை, கச்சான் எழும்பினா எனக்கு மூச்சு அடைக்கும்னு சொன்னாரு. வறுக்கிற வாசம் எழும்புறதுன்னு நெனச்சேன்."

அந்தக் கணத்தில், அன்பர்களே, துறைமுகத்தில் ஒரு பெருங்கப்பல் ஊதியது! வானம் அதிர, வாட்டு அதிர, மலை திருப்பி முழங்க ஊதியது! எல்லோர் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கே மேற்கு ஜன்னல் திரை, காற்றுக் குடித்துக் கர்ப்பிணிபோல் உப்பி நின்றது.

"எழும்பினாவா? கடலை எழும்பாது மிஸ். காத்துத்தான் எழும்பும்" என்றாள் ஷாமிலா.

யார் முதலில் ஓடினார்? எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு கை ஜன்னலை மூடியது, ஒரு கை கட்டிலின் பூட்டைக் கழற்றியது, ஒரு கை மூச்சு முகமூடியைப் பிடித்தது, ஒரு கை சிவக்கொழுந்து அக்காவின் தோளைத் தொட்டது. கட்டில் மிதந்து மிதந்து கடல் ஜன்னலுக்குப் போனது. டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்தார், மருந்தை மாற்றினார், இன்றைக்குப் பொறுத்துப் பார்ப்போம் என்றார். பின்னேரம் அந்த மூச்சு, அலை அடங்கிய குடாபோல் ஆறிற்று. வந்த அம்புலன்ஸ் வெறுமையாய்த் திரும்பிற்று. சிவரூபி மிஸ் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். தம்பு அண்ணன் முந்திக்கொண்டார்: "சொன்ன மாதிரியே கச்சானை நிப்பாட்டிப் போட்டியே, பிள்ளை."

ஆகவே கேட்கிறேன். தாதி என்பவர் யார்? டொக்டரின் கையா? ஊசியின் பிடியா? இல்லை! ஒரு மனிதர் நோவோடு சொன்ன சொல்லை, சிந்தாமல் சிதறாமல், வாயிலிருந்து வாய்க்கு, வேளையிலிருந்து வேளைக்கு ஏந்திக் கொடுப்பவர் தாதி. தனித்தனியே அவர்கள் அன்று கெட்டிக்காரர்கள். வட்டமாய் நின்றபோதுதான் தாதியர் ஆனார்கள். டிக்கெட்டில் பேனா வைக்கும் முன்னால் கொஞ்சம் காது கொடுங்கள், காது கொடுங்கள் என்று அன்றே... சரி, அதைச் சொன்னவர் லைலா சிஸ்டர். ஆனால் நான் தலையாட்டினேன்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். முடிக்கிறேன். வாசலில் தம்பு அண்ணன் ஒரு கடகம் அவித்த கச்சான் வைத்திருக்கிறார். அவருக்கு அது நன்றாகவே ஒத்துக்கொள்ளும். ஆளுக்கொரு பிடி எடுங்கள். கேட்டிருந்த காதுகளுக்கெல்லாம் என் நன்றி. எல்லோர் மூச்சும் சீராயிருக்க என் துஆ, என் வணக்கம்.

ஒரு நிமிஷம், மைக்கை நிறுத்தாதீர்கள். ஷாமிலா அங்கிருந்து என்னை முறைக்கிறாள். சரி மகள், சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கப்பல் ஊதவில்லை. துறையில் கப்பலே இல்லை. சிவரூபி மிஸ் அந்தச் சொல்லைச் சொன்னதும் எல்லோரும் பேசாமல் நின்று கேட்டார்கள். திரை அசைகிற சத்தம்கூடக் கேட்டது. அந்த அமைதியை மேடையில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கப்பலை ஊத வைத்தேன்.