ஓநாய்த் தலையும் ஒலிவாங்கியும்

மூன்று பொன்னாடைகளின் பாரத்தையும் முகம் சுளிக்காமல் தாங்கி வீற்றிருக்கும் தலைவர் யோகேந்திரன் அண்ணை அவர்களே, லவால் நகரிலிருந்து பனி கடந்து வந்த பெரியோர்களே, பிள்ளைகளைப் பிரெஞ்சில் அதட்டித் தமிழில் அணைக்கும் தாய்மார்களே, வணக்கம்.

'அவுட்லோ என்பவர் யார்?' என்று பேசச் சொன்னீர்கள். வழக்கறிஞரான எனக்கு இதைவிடப் பொருத்தமான சபை வாய்க்குமா?

சட்டத்தை மீறியவர் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. வடகடலோடிகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த 'ஊட்லாகி' என்ற சொல்லில் பிறந்தது அது. சட்டத்தின் காவலுக்கு வெளியே தள்ளப்பட்டவர் என்று பொருள். அவருக்குச் சோறு போட்டால் குற்றம். இடம் கொடுத்தால் குற்றம். ஒரு காலத்தில், கொன்றால் மட்டும் குற்றமில்லை. 'ஓநாய்த் தலை' என்று பட்டமும் சூட்டினார்கள். காட்டுமிராண்டிகள், அல்லவா? ஆனாலும் தீர்ப்புக்கு முன், மன்றம் கூடும்போதெல்லாம் வந்து பதில் சொல்லும்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

நாகரிகத்தில் உயர்ந்த நம் சங்கமோ தன் உறுப்பினர் கஜந்தினியை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அவள் செய்த பாதகம் என்ன? பொங்கல் விழாவில் ஆடவந்த குழந்தைகள் சலங்கையோடு தூங்கிப்போக, தலைவர் உரை நீண்டுகொண்டே போக, ஒலிவாங்கியை நிறுத்தினாள். உடனே தீர்மானம்: 'அவள் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் போகக்கூடாது.'

"பிள்ளை, நேரம் போகுது" என்கிறீர்களா, அண்ணை? ஓம், போகுது. முந்தாநாள் அவளுடைய அப்பாவும் போய்விட்டார். இப்போது செயின்ட்-மிஷேலில் உள்ள இறுதிச்சடங்கு மண்டபத்தில் அவருடைய உடலைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அவளும் தம்பியும் மட்டும் நிற்கிறார்கள்.

இந்த ஊருக்கு வந்திறங்கிய புதிதில் அந்த மனிதருடைய வீட்டில் படுத்தெழும்பாதவர்கள் கை உயர்த்துங்கள், பார்ப்போம். ஏன் ஒரு கையும் உயரவில்லை? தலைவரே, உங்களுடைய கை எங்கே?

நாம் யார்? காக்க வேண்டிய சட்டம் காக்காததால் ஓடிவந்தவர்கள். கதவு கதவாய்த் தட்டியவர்கள். ஒரு கதவு திறந்ததால் உயிர் தரித்தவர்கள். அந்தக் கதவுக்கா நாம் தடை போட்டோம்? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் இப்போது அங்கேதான் போகிறேன். தீர்மானப்படி என்னையும் தாராளமாகத் தள்ளிவையுங்கள். வாகனம் வாசலில் நிற்கிறது, நாலு பேருக்கு இடமிருக்கிறது.

என்ன அண்ணை, எழும்புறீங்கள்? என்னை மறிக்கவோ?

ஓ, சப்பாத்தைத் தேடுறீங்களோ. சரி, வாகனத்தின்ர முன் சீற்றில ஏறுங்கோ. இங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கு என் நன்றியும் வணக்கமும். வருகிறவர்களுக்கு அதை அங்கே வைத்துச் சொல்கிறேன்.