ஒட்வார் சிரிச்ச சிரிப்பு

...அதுவும் இந்தத் துணி காயவைக்கிற மெஷின் வடிகட்டியில பஞ்சை எடுக்காமயே போயிருக்காங்க பாரு. யாரு வேலைன்னு எனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன். ரெண்டாம் மாடி குனில்லா. நம்ம கட்டிடச் சங்கத்துக்கே தலைவி அவ. ‘பஞ்சை எடுத்துட்டுப் போகவும்’னு சுவத்துல நோட்டீஸ் ஒட்டுறதும் அவதான்... உட்காரும்மா, உட்காரு. உன் மெஷின் இன்னும் சுத்திக்கிட்டுத்தானே இருக்கு. மூணாம் மாடிக்குப் புதுசா வந்தது நீதானே? நான் மைபிரிட். முதல் மாடி. கதவுல ஸ்டூரேன்னு பேர் போட்டிருக்குமே, அந்த வீடு.

இந்தா, ஸ்டூரேன்னதும் உன் உதடு ஒரு பக்கமாப் போகுது பாரு. அதுக்குள்ள சொல்லிட்டாங்களா? வந்து பெட்டியே பிரிச்சிருக்க மாட்ட நீ.

சரி, மத்தவங்க சொல்லிக் கேக்குறதுக்குப் பதிலா நானே சொல்லிடுறேன். என் வீட்டுக்காரர் டவுன் பஸ் ரிப்பேர் பண்றவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா படம் வரைவார். கம்ப்யூட்டர்ல, ஒரு பலகை மேல பேனா மாதிரி ஒண்ணை வச்சுக்கிட்டு. என்ன படம்னு கேளு. கிச்சுக்கிச்சுப் படம். ஆமா, உன் காதுல சரியாத்தான் விழுந்துச்சு. ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுறது. விலாவுல, உள்ளங்கால்ல, கழுத்துல, இறகு வச்சு, விரல் வச்சு... அதைத் தவிர வேற எதுவும் வரைய மாட்டார். அசிங்கமா ஒண்ணும் இல்லம்மா, அப்படிப் பாக்காத. எல்லாரும் வயசு வந்தவங்க, எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருப்பாங்க. நம்ம குளிருக்கு வேற எப்படி வரையிறது. சிரிக்கிற ஆளு முகத்துல ‘போதும்’னு இருந்தா அந்தப் படத்தை அழிச்சிடுவார். ‘இன்னும்’னு இருக்கணுமாம். அதுல ரொம்பக் கறார்.

முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுல கிடந்தப்பதான் ஆரம்பிச்சார். யாரும் சொல்லிக் குடுக்கல. வீடியோ பாத்து, வரைஞ்சு, அழிச்சு, மறுபடி வரைஞ்சு. முதல்ல வரைஞ்ச கையெல்லாம் ரப்பர் கையுறையில தண்ணி ஊத்தின மாதிரி இருக்கும். இப்போ விரல் நகத்துல வெளிச்சம் விழுறது வரைக்கும் வரையிறார். இன்டர்நெட்ல போடுவார், உலகம் பூரா இதுக்குன்னு ஆளுங்க இருக்காங்கம்மா. ரொம்ப மரியாதையான ஆளுங்க. ‘மதிப்பிற்குரிய ஸ்டூரே, அந்த இடது பாதம் பிரமாதம்’னு எழுதுவாங்க. எனக்கு என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு அழகா யாரும் எழுதல.

ஏன் இதுன்னு ஒரு தடவை கேட்டேன். ‘மனுஷன் தன் முகத்தைத் தானே பிடிச்சு வச்சுக்க முடியாத நேரம் அது ஒண்ணுதான்’னார். அப்புறம் சாப்பிடப் போயிட்டார். இதைச் சொன்ன மனுஷன் சிரிச்சு நான் பாத்ததே கிடையாது. அவருக்குக் கூச்சம் கிடையாது. உடம்புலயும் கிடையாது, வெளியில சொல்றதுக்கும் கிடையாது. கூச்சம் எல்லாம் எனக்குத்தான். அதனாலதான் இந்தக் கட்டிடத்துல யார் கேட்டாலும் பறவை வரையிறார்னு சொல்லி வச்சிருந்தேன். பெரிய பொய் இல்ல. இறகு வருதுல்ல.

அப்புறம் எழுதிக் கேட்டா ஒருத்தி. நார்வேக்காரி. பேரு தோருன், த்ரொண்ட்ஹெய்ம்ல இருந்து.

அவ புருஷன் ஒட்வார், சுங்கத்துல வேலை பாத்தவராம். போன குளிர்ல போயிட்டார். அவரோட போட்டோ எல்லாம் அனுப்பியிருந்தா. மீன் பிடிக்கப் போன இடத்துலயும் சரி, தங்கச்சி கல்யாணத்துலயும் சரி, பாஸ்போர்ட்டுக்கு நிக்கிற மாதிரியே நிக்கிறார். ஒரு பல்லு வெளியில தெரியல. ஆனா அந்த ஆளுக்கு ஒரு இடம் உண்டாம். பின்கழுத்துல, சட்டைக் காலருக்குக் கீழ. காலையில குனிஞ்சு ஷூ கயிறு கட்டுறப்போ இவ பின்னால போய் அங்க ஒரு விரல் வைப்பாளாம். அப்போ ஒரு சிரிப்பு சிரிப்பாராம். ‘அந்தச் சிரிப்பு இப்போ எனக்கு ஞாபகம் வர மாட்டேங்குது, முகம் ஞாபகம் இருக்கு, சிரிப்பு போயிக்கிட்டே இருக்கு, நீங்க அதைத்தானே வரையிறீங்க, வரைஞ்சு குடுப்பீங்களா?’ன்னு எழுதியிருந்தா.

இவர் வரைஞ்சார். அனுப்பினார். ‘அழகா இருக்கு, ஆனா இது வேற ஆளு’ன்னு பதில் வந்துச்சு. மறுபடி வரைஞ்சார். ‘இதுவும் வேற ஆளு.’ இப்படியே எத்தனையோ ஒட்வாருங்க. எங்க வீட்டுல முன்பின் தெரியாத நார்வேக்காரங்க கூட்டமே சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. இவர் சாப்பாட்டைக் குறைச்சிட்டார். ஹெர்ரிங் மீன் ஊறுகாய் வச்சா ஒரு துண்டைக் குத்தி அப்படியே பாத்துக்கிட்டு இருப்பார். தூக்கத்துல தோள்பட்டை, தோள்பட்டைங்கிறார். நான்தான் சொன்னேன், எழுதி எழுதிக் கேட்டா எப்படித் தெரியும், அவளை ஒரு நடை வரச் சொல்லுங்கன்னு. ஆமா, நான்தான் வரச் சொன்னது. எனக்கு வேணும்.

ரயில் ஏறி வந்தா. நம்ம சுண்ட்ஸ்வால் ஸ்டேஷனுக்கு வந்து கூப்பிட்டுக்கிறோம்னு சொல்லியிருந்தும், அவளா பஸ் பிடிச்சு வந்து, கீழ வாசல்ல நின்னுக்கிட்டிருந்த குனில்லாகிட்ட, ‘இங்க கிச்சுக்கிச்சு ஓவியர் வீடு எது?’ன்னு கேட்டிருக்கா. குனில்லா என்ன சொன்னான்னு கேளு. ‘இங்க ஒரு பறவை ஓவியர்தான் இருக்கார்’னிருக்கா. இவ போனை எடுத்துக் காட்டியிருக்கா. படம் படமா. குனில்லா மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டுப் பொறுமையா எல்லாத்தையும் பாத்திருக்கா. மறுநாள் சங்கக் கூட்டம் வேற. குப்பைத் தொட்டி விஷயத்துக்கு முன்னாடி எங்க விஷயம்தான் ஓடியிருக்கு.

அது கிடக்கட்டும். தோருன் வந்தா, கோட்டைக் கழட்டினா, பையில இருந்து அவங்க ஊர் பழுப்புச் சீஸை எடுத்து என் மேசை மேல வச்சா. தொட்டதுக்கெல்லாம் அதைச் சீவிப் போட்டுக்கிறா. வாஃபிள்ல போட்டா, ரொட்டியில போட்டா... ஸ்டூரே பலகையை மடியில வச்சுக்கிட்டு, சிரிப்பு எங்க ஆரம்பிக்கும், வாயிலயா கண்ணுலயான்னு கேட்டார். அவளுக்குத் தெரியல. சத்தம் வருமா வராதா? தெரியல. பக்கத்துலயே படுத்து எழுந்தவளுக்குத் தெரியலன்னா அது எவ்வளவு...

ஸ்டூரே என்னைப் பாத்தார். ‘மைபிரிட், நீ போய் ஷூ கயிறு கட்டு’ன்னார்.

நான்! செத்துப்போன மனுஷனா நிக்கணும்! என் வீட்டு நடையில, ஸ்டூரேவோட பூட்ஸை மாட்டிக்கிட்டு, குனிஞ்சு நின்னேன். பின்னால அவ நடந்து வர்ற சத்தம் கேக்குது. பனிக்கட்டி மாதிரி ஒரு விரல் கழுத்துல வந்து பட்டுச்சு. நான் போட்ட கத்துல குனில்லா வீட்டு நாய் குரைச்சது.

‘இப்படி இல்ல’ன்னா தோருன். ‘முதல்ல சுவத்தைப் பிடிப்பார்.’ சொல்லிட்டு அப்படியே நின்னுட்டா. விரல் இன்னும் அந்தரத்துல இருக்கு. விரலுக்குத்தாம்மா ஞாபகம் வந்துச்சு, அவளுக்கு இல்ல. என்னை நகரச் சொல்லிட்டு அவளே குனிஞ்சா. ஒரு கையால சுவத்தைப் பிடிச்சா. மூக்குல இருந்து முதல்ல காத்து, சைக்கிள் ட்யூப்ல கசியிற மாதிரி. அப்புறம் தோளு ரெண்டும் காதுக்கு ஏறுது. சத்தமே இல்ல. அப்புறம் அந்த அம்மா மடங்கி என் மிதியடி மேலயே உட்கார்ந்தா பாரு, காலை நீட்டிக்கிட்டு, வாயைத் திறந்துக்கிட்டு, ஒரு ஆம்பளைக் குரல்ல சிரிக்கிறா. ஒட்வார் சிரிச்ச சிரிப்பு. நான் அந்த ஆளைப் பாத்ததே இல்ல, ஆனா அது அவர்தான்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் அழுகையும் வந்துச்சு. நான் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டேன், பூட்ஸோட. ஸ்டூரே தலையே நிமிரல. பேனா ஓடிக்கிட்டே இருந்துச்சு.

முடிச்சுக் காட்டுனார். நடையில ஒட்வார் தரையில உட்கார்ந்திருக்கார், ஒரு கால்ல மட்டும் ஷூ. காலருக்குக் கீழ அவ விரல். தோருன் ரொம்ப நேரம் பாத்தா. கடைசியில, ‘இடது ஷூவைத்தான் முதல்ல போடுவார்’னா. இவர் ஷூவை மாத்தினார். வேற எதையும் மாத்தச் சொல்லல. அச்சுப் போட்டு வாங்கிக்கிட்டு, ரயில்ல அதைப் பெட்டிக்குள்ள வைக்காம மடியிலயே வச்சுக்கிட்டுப் போனா. சீஸை எனக்கு விட்டுட்டா. இன்னும் இருக்கு, வேணும்னா தரேன்.

சரி, அதோட முடிஞ்சுதா? ஞாயித்துக்கிழமை ஸ்டூரே கேக்குறார், ‘நான் சிரிக்கிற போட்டோ ஏதாவது நம்மகிட்ட இருக்கா?’ன்னு. ஆல்பத்தை எல்லாம் எடுத்துப் பாத்தேன். கல்யாணம், கோடைக் குடிசை, அவங்கம்மா பிறந்த நாள். ஒண்ணுலயும் இல்லம்மா. எல்லாத்துலயும் பிரேக் சரியா இருக்கான்னு பாக்குற மூஞ்சி. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த ஊருக்கு ரயில் ஏறுவேன்? யாரு நடையில போய் விழுவேன்?

அதனால தேட ஆரம்பிச்சேன். பாத்திரம் கழுவுறப்போ விலாவுல. அலமாரியைக் குத்தின மாதிரி இருந்துச்சு. ‘என்ன தேடுற?’ன்னார். அக்குள்ல, கழுத்துல, பாதத்துல... ஒண்ணும் இல்ல. முந்தாநாள் சோஃபாவுல காலை நீட்டிக்கிட்டுப் பனிச்சறுக்குப் போட்டி பாத்துக்கிட்டு இருந்தார். முழங்காலுக்குப் பின்னால, அந்த மடிப்புல, சும்மா ஒரு விரல் வச்சேன்.

அவர் உதைச்ச உதையில மேசை பறந்துச்சும்மா. கால் கட்டை விரல் உடைஞ்சுபோச்சு. எலும்பு உடைஞ்ச ஆளு வலின்னு சொல்லாம சிரிக்கிறார். அழகான சிரிப்புன்னு நினைக்காத. குளிர்ல ஸ்டார்ட் ஆகாத மொபெட் மாதிரி. கண்ணுல தண்ணி வேற. ஆஸ்பத்திரியில நர்ஸ் எப்படி ஆச்சுன்னு கேட்டா. கீழ விழுந்துட்டேன்னு சொல்லலாமில்ல? ‘என் மனைவி கிச்சுக்கிச்சு மூட்டினா’ன்னார். அந்தப் பொண்ணு தலை நிமிராம அப்படியே எழுதிக்கிட்டா. இப்போ கட்டுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார், நான் இந்த நிலவறைக்கு ரெண்டு மாடிப்படி துணி தூக்குறேன்.

இன்னைக்குக் காலையில காபி குடிக்கிறப்போ பலகையை எடுத்து வச்சுக்கிட்டார். ‘என் முகம் எப்படி இருந்துச்சு, எங்க ஆரம்பிச்சது, சொல்லு, வரையணும்’னார். சொல்ல மாட்டேன்னுட்டேன். வரைஞ்சா ஊர் பூரா பாக்கும், குனில்லா கண்ணாடி போட்டுப் பாப்பா. அது எங்கிட்டயே இருக்கட்டும். ‘நீ மறந்துட்டா?’ன்னு கேட்டார். மறந்தா என்ன, அந்த முழங்கால் இப்போதைக்கு இங்கதானே இருக்கு...

என்னம்மா, எல்லாத்தையும் எடுத்துக் கூடையில போட்டுட்ட? அது காயவே இல்லையேம்மா, இன்னும் சொட்டுது பாரு...