கடிகாரம் சொல்லட்டும் என்று

டீ நன்றாக இருக்கிறது சார். நடந்துகொண்டே சொல்லட்டுமா? ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எனக்கு எதுவும் ஓடாது. சென்னை ஆபீஸோடு பேசும் மீட்டிங்கெல்லாம் விருத்தாசலத்து மொட்டைமாடியில் நடந்தபடியேதான்.

நான் வேலை பார்ப்பது பெரிய டெக் கம்பெனி. எங்கள் கைக்கடிகாரம் நாடியையும் மூச்சையும் கவனிக்கும். ஆபத்து என்றால் வேண்டியவர் போனில் மணி அடிக்கும். அதற்கு விளம்பரம் செய்வது என் பொறுப்பு. போன வருடம் என் மாமனார் ராஜாராமன் குளியலறையில் சுருண்டு விழுந்தார். மணி அடித்தது, ஓடினேன், பிழைத்தார். அதை வீடியோவாகப் போட்டேன், ஊரே பார்த்தது.

அந்தத் தெம்பில் சீனியர் மார்க்கெட்டிங் மேனேஜர் பதவிக்கு விண்ணப்பித்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். வயிற்றெரிச்சல் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தேர்வுக் குழுவில், "ஒண்ணு அதிர்ஷ்டமா இருக்கலாம் பிரியம்வதா. உழைக்கிற ஜனங்ககிட்டேருந்து இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார்கள். இந்த வாரமே தருகிறேன் என்றேன். அப்புறம் தூக்கம் ஏது, சாப்பாடு ஏது.

வீட்டுக்குப் பின்னால் என் கணவரின் பீங்கான் பட்டறை. சூளை அறையில் பியூஸ் கட்டைகளை அடுக்குபவர் கொளஞ்சியம்மாள். நானே கடிகாரத்தை அவர் கையில் கட்டிவிட்டேன்.

"மயக்கம் கியக்கம் வந்தா நீங்களே ஓடியாந்துடுவீங்களாம்மா?"

"வந்துடுவேன்."

சொன்னதை மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

மறுநாள் மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். சூளை எரிந்துகொண்டிருந்தது. புகையை வெளியேற்றும் காற்றாடியை நிறுத்தினேன். கதவை வெளியே தாழிட்டுவிட்டுப் போனும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றேன். மணி அடித்ததும் திறப்பதாகத் திட்டம்.

கொளஞ்சியம்மாள் உள்ளேயிருந்து கதவைத் தட்டினார். "அம்மா, தொறங்கம்மா" என்றார். தட்டுகிறார் என்றால் தெம்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கடிகாரம் சொல்வதற்கு முன்னால் நானாகத் திறந்தால் அதில் கடிகாரத்தின் பங்கு என்ன இருக்கிறது? அங்குமிங்கும் நடந்தேன். போனில் சிக்னல் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு தட்டுவது நின்றது. அப்போதும் மணி அடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் மகள் கயல்விழி அழுதுகொண்டே சொன்னாள்: "வெல ஜாஸ்தியாச்சே, மண்ணு பட்டா வீணாப்பூடும்னு கழட்டித் துணில சுத்தி வெச்சிட்டுத்தாங்க அம்மா வேலைக்கி எறங்குச்சு."

எழுதிக்கொள்ளுங்கள் சார். காற்றாடியை நிறுத்தியது நான். தாழிட்டதும் நான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். அவரைக் காப்பாற்றத்தான் நான் அங்கே கடைசிவரை நின்றேன். கடிகாரத்தைக் கழற்றியது அவர்தானே?